சரிகையைக் கீறிப் பார்ப்போர் பட்டத்தையும் கீறிப் பார்க்கட்டும்!



கணிப்பொறிக்குக் காவல் நிற்கும் கலைக்கு இன்று உலகெங்கும் பெரிய கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. தகவல் பாதுகாப்பு என்பது அதன் பெயர். அந்தக் கலையில் முதுநிலைப் பட்டம் தருகிறோம், வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம், இணையவழியில் படிக்கலாம், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று நாள்தோறும் விளம்பரங்கள் வருகின்றன. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கும் வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இரவு முறை முடித்துப் பேருந்தில் தூங்கி விழும் தொழிலாளியின் கைப்பேசிக்கும் வருகின்றன.

வரட்டும்! படிப்பு நம் வீட்டு வாசலைத் தட்டுவது நல்ல செய்தி. ஆனால் வாசலைத் தட்டுகிறவன் ஆசிரியனா, வட்டிக்காரனா என்று பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். அதைப் பார்ப்பது எப்படி? மலிவு என்று சொல்லப்படுவது மெய்யாகவே மலிவுதானா? இந்தப் படிப்பை ஏழைக்கும் எட்டும்படி வைக்கவேண்டிய பொறுப்பு யாருடையது? இந்த மூன்று கேள்விகளையும் இன்று எடுத்துப் பேசுவோம்.

ஏன் இந்தக் கிராக்கி?

முன்பெல்லாம் கொள்ளைக்காரன் கன்னம் வைத்தான். சுவரில் துளை இருந்தது, ஊர் பார்த்தது. இன்று வைக்கும் கன்னத்துக்குச் சுவருமில்லை, துளையுமில்லை. நம் கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்தது என்ன? வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான கணிப்பொறி வழியில் யாரோ புகுந்து, ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று பரிமாற்றங்களில் கடல் கடந்து அனுப்பப் பார்த்தார்கள். காவலாளி வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார். பூட்டும் பூட்டியபடியே இருந்தது!

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் கேடு செய்யும் நிரல் புகுந்தது. உலையை இயக்கும் கட்டமைப்பு தனியே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று அணுமின் கழகம் அறிக்கை விட்டது. ஆனால் கணிப்பொறியில் நிரல் புகுந்ததை அது ஒப்புக்கொண்டது. 2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் முடக்கப்பட்டன. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில் நோயாளியின் சீட்டை நாள்கணக்கில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வரிசையில் நின்றவர்கள் யார்? சீமான்களா? இல்லை. பணம் இல்லாததால் அரசு மருத்துவமனையை நம்பி வந்த ஏழைகள்.

ஆகவே இது பணக்காரன் பெட்டியைக் காக்கும் கலை மட்டும் அல்ல. நம் குடும்ப அட்டை, நம் ஓய்வூதியம், நம் கூட்டுறவுச் சங்கக் கணக்கு, நம் மருத்துவச் சீட்டு யாவும் இன்று கணிப்பொறியில் கிடக்கின்றன. காவல் தளர்ந்தால் முதலில் அடிபடுகிறவன் உழைப்பாளி.

சட்டமும் இப்போது இந்த வேலையைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. 2016 ஜூன் 2இல் ரிசர்வ் வங்கி, ஒவ்வொரு வங்கியும் இணையப் பாதுகாப்புக் கொள்கை வகுத்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழு, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தது. 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காவலில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடம் உண்டு. தண்டம் என்றதும் முதலாளிக்கு அக்கறை பிறக்கிறது. அக்கறை பிறந்ததும் ஆள் தேடுகிறான். ஆள் தேடுகிறான் என்றதும் பட்டம் விற்கும் கடை திறக்கிறது. இதுதான் விளம்பரம் வந்த வழி.

எட்டு லட்சம்! யாருக்கு மலிவு?

மலிவு என்று உலகம் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் என்ற புகழ்பெற்ற கல்விக்கூடம் 2014இல் கணிப்பொறி அறிவியலில் இணையவழி முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர். ஒரு பெரிய பல்கலைக் கழகம் இவ்வளவு குறைவாகவா என்று கல்வி உலகம் வியந்தது. 2019 ஜனவரியில் இணையப் பாதுகாப்புக்கென்றே தனிப் பட்டம் தொடங்கி, 10,000 டாலருக்குள் முடித்துத் தருகிறோம் என்றார்கள். அமெரிக்கத் தொழிலாளிக்கு அது மலிவுதான், ஐயமில்லை. நம் பணத்தில்? எட்டு லட்சம் ரூபாயைத் தொட்டு நிற்கிறது.

நம் நாட்டிலேயே கான்பூர் ஐ.ஐ.டி. 2022இல் வேலை பார்ப்போருக்காக இணையவழி முதுநிலைப் பட்டங்களைத் தொடங்கியது. அவற்றுள் இணையப் பாதுகாப்பும் ஒன்று. கேட் தேர்வு எழுத வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதில்லை, நல்ல பேராசிரியர்கள். கட்டணம்? அதுவும் எட்டு லட்சம் ரூபாய் அளவில்தான் அறிவிக்கப்பட்டது.

சென்னையின் கணிப்பொறி நிறுவனத்தில் திங்கள் ஒன்றுக்கு ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு இது எட்டு மாதச் சம்பளம். நெசவாளிக்கு? 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாட்டில் 31 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறிக் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் 66.3 விழுக்காட்டுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே! ஆண்டுக்கு 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், ஒரு முழத் துணிகூட வாங்காமல், வாடகை கொடுக்காமல் சேர்த்தாலும் எட்டு லட்சத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாவில் உட்கார்ந்த பையன் பட்டம் வாங்குவதற்குள் அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும்!

கடன் வாங்கலாமே என்பார்கள். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் கல்விக் கடன் முறையில், ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். ஈடு என்றால் வீடு. தறி இருக்கும் வீடு! விளம்பரம் செய்கிற நிறுவனமே கடன் ஏற்பாடு செய்து தருகிறேன், வட்டியே இல்லை என்று சொன்னால் இன்னும் விழிப்பாக இருங்கள். முன்பணம் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முன்பணத்தை வாங்கிவிட்டுத் தறிக்குழியில் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிய குடும்பங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பெயரை மாற்றி, தவணை என்று சொல்லி, அதே முன்பணம் இப்போது கைப்பேசி வழியே வருகிறது.

கடிகையில் இடம் இல்லாதவன்

காஞ்சி கல்விக்குப் பேர்போன நகரம் என்று பெருமை பேசுகிறோம். உண்மைதான். பல்லவர் காலத்தில் இங்கே கடிகை இருந்தது. கன்னட நாட்டு மயூரசர்மன் வேதம் படிக்க இங்கே வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யுவான் சுவாங் இந்நகரைப் பற்றி எழுதி வைத்தான். எல்லாம் சரி. அந்தக் கடிகையில் நெசவாளியின் மகனுக்கு இடம் இருந்ததா? அன்று குலம் தடுத்தது. இன்று குலம் கேட்டுத் தடுக்கச் சட்டம் விடாது, பணம் தடுக்கிறது. தடுக்கப்படுகிறவன் மட்டும் மாறவில்லை!

அந்தச் சுவரை உடைக்கத்தான் தபால்வழிக் கல்வி வந்தது. இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக் கழகம் அதைத் தொடங்கியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981இலும் அந்த வழியில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் மத்தியச் சட்டத்தால் பிறந்தது. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. ஆலைத் தொழிலாளியும், பேருந்து நடத்துநரும், அடுப்படியில் நின்ற பெண்ணும் பட்டதாரி ஆனது இந்த வழியில்தான்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1969இல் அங்கே திறந்தநிலைப் பல்கலைக் கழகத்துக்கு அரசப் பட்டயம் கிடைத்தது. 1971இல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் தொடங்கியது. அதற்காக அமைச்சரவையில் போராடியவர் ஜென்னி லீ. அவர் யார்? ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்! தொழிலாளிக்குத் தரம் குறைந்த படிப்புப் போதும் என்றவர்களை அவர் ஏற்கவில்லை. பல்கலைக் கழகப் படிப்பு முழுத் தரத்தோடு தொழிலாளியின் வீட்டுக்கே வரவேண்டும் என்பது அவர் கட்சி.

ஆக, வீட்டிலிருந்து படிப்பது என்ற எண்ணம் வணிகர்கள் கண்டுபிடித்தது அல்ல. உழைப்பாளிக்காகப் பிறந்த எண்ணம் அது. அதைத்தான் இன்று கடையில் வைத்து விற்கிறார்கள்.

போலிச் சரிகை

காஞ்சிப் பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? சேலையின் சரிகையைக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் நல்ல சரிகை. வெள்ளையோ வேறு நிறமோ தெரிந்தால் ஐயம். மேலே மினுக்குவதை வைத்து யாரும் விலை பேசுவதில்லை. பட்டத்தையும் அப்படித்தான் கீறிப் பார்க்க வேண்டும்.

கீறிப் பார்க்காதவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய அனுமதி பெறாமல் தபால்வழியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அந்த நான்கில் ஒன்று தமிழகத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் தேர்வு எழுதித் தேறினால்தான் உயிர் பெறும் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாமலே போயின. பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்கள் அதையும் இழக்கும் நிலை. தவறு செய்தது நிறுவனம். தண்டனை அனுபவித்தது யார்? பகலில் வேலை, இரவில் படிப்பு என்று உடலை வருத்திய ஊழியர்கள்!

தனியார் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச்சில் பல்கலைக் கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் தரப்பட்டிருந்தது, அதன் பிறகு அனுமதியின்றி நடத்தியவை செல்லா என்றது. தமிழனின் பெயர்பெற்ற பல்கலைக் கழகம், அதுவும் அரசின் பொறுப்பில் வந்த பல்கலைக் கழகம். அதிலேயே இந்த நிலை என்றால், பெயரைப் பார்த்து நம்பலாமா? கூடாது. பெயர் பெரிதாக இருக்கட்டும், கோபுரம் உயரமாக இருக்கட்டும். இந்த ஆண்டு, இந்தப் படிப்புக்கு, இந்த முறையில் நடத்த அனுமதி உண்டா என்பதே கேள்வி.

கீறிப் பார்ப்பது எப்படி?

தோழர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம். படிப்பகத்துப் பலகையில் ஒட்டலாம்.

முதலாவது: அனுமதி. 2020 செப்டம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் விதிகள் வகுத்தது. தொலைநிலை என்பது வேறு, இணையவழி என்பது வேறு; ஒன்றுக்கு அனுமதி பெற்றவர் மற்றதை நடத்த முடியாது. அனுமதி பெற்ற பல்கலைக் கழகங்களையும் படிப்புகளையும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் பட்டியலிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லையா? திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். 2024 முதல் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவின் அடையாள எண் ஒன்றையும் எடுக்க வேண்டும். எண் எடுத்த பிறகு பணம் கட்டுங்கள். பணம் கட்டிவிட்டு எண் தேடாதீர்கள்! இந்த வழியில் முறைப்படி பெற்ற பட்டம், கல்லூரியில் உட்கார்ந்து படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே தாழ்வு எண்ணமும் வேண்டாம்.

இரண்டாவது: பட்டத்தின் பெயர். பட்டம் வேறு, சான்றிதழ் வேறு, பட்டயம் வேறு. விளம்பரத்தில் பெரிய பல்கலைக் கழகத்தின் சின்னம் இருக்கும். இறுதியில் கையில் கிடைப்பது வெறும் சான்றிதழாக இருக்கும். மானியக் குழுவின் விதிப்படி பொறியியல் பட்டங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்த இடமில்லை. ஐ.ஐ.டி.க்கள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றின் கதை வேறு. மற்ற இடத்திலிருந்து தபாலில் எம்.டெக். தருகிறேன் என்று எவராவது சொன்னால், 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவில் வையுங்கள். கேட்க வேண்டியது எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ.

பெயரில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகள் கணிப்பொறி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, கணிப்பொறிப் பொறியியல் பட்டம் அல்லது கணிப்பொறி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், கணிப்பொறிப் பயன்பாடு போன்ற முதுநிலைப் பட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வந்திருக்கின்றன. புதுப் பெயர் கொண்ட பட்டத்தை வாங்கிக்கொண்டு போய், பட்டியலில் இந்தப் பெயர் இல்லையே என்று திரும்பி வரக்கூடாது. அரசு வேலையும் வங்கி வேலையும் குறி என்றால், முந்தைய ஆண்டுகளின் தேர்வு அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது: முழுச் செலவு. பருவத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தவறினால் மறுதேர்வுக் கட்டணம், பட்டச் சான்றிதழ்க் கட்டணம், இவை எல்லாவற்றையும் கூட்டிக் கேளுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். கணிப்பொறி வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை வைத்துக்கொண்டு இந்தப் படிப்பைப் படிக்க முடியாது.

நான்காவது: பாடம். இது பேச்சால் கற்கும் கலை அல்ல. வலையமைப்பு எப்படி ஓடுகிறது, இயங்குதளம் எப்படி அமைந்திருக்கிறது, மறைகுறியீட்டுக்கு அடிப்படையான கணக்கு எது, சட்டம் என்ன சொல்கிறது என்ற நான்கும் வேண்டும். செய்து பழகும் ஆய்வுக்கூடம் இல்லாத படிப்பு, தறி இல்லாமல் நெசவு கற்றுக்கொடுப்பதற்குச் சமம். கோர்வை போடுவதைக் கரும்பலகையில் எழுதிக் கற்றவர் யார்?

ஐந்தாவது: நேரம். வேலையோடு படிப்பவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? மூன்று முறை மாறும் ஆலையில் நேரலை வகுப்பு இரவு எட்டு மணிக்கு என்றால் அது யாருக்குப் பயன்? பாடம் பதிவாகக் கிடைக்குமா, தேர்வு எந்த ஊரில், படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு என்று கேட்டுத் தெளியுங்கள்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் ஆறாவதாக ஒரு கேள்வி சேரும். இந்திய அரசு வேலைக்கு அதற்கு இணைச் சான்று வேண்டும். இணையவழியில் பெற்ற பட்டத்துக்கு அந்தச் சான்று கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி பெறாமல் ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம்.

செலவில்லாத முதல் படி

இவ்வளவும் கேட்ட பிறகு, முதுநிலைப் பட்டம் உடனே வேண்டுமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2003 முதல் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளமும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. காமகோடி நடத்திய தகவல் பாதுகாப்புப் பாடங்களும் அந்த வரிசையில் உண்டு. பார்ப்பதற்குக் காசு இல்லை; தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். எட்டு லட்சத்தைப் பணயம் வைக்குமுன் ஆயிரம் ரூபாயில் நம் பிள்ளைக்கு இந்தக் கலையில் மனம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடலாம் அல்லவா?

அடுத்த படியாக, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் எம்.சி.ஏ. படிப்பைச் சொல்லலாம். 2021இல் அது இரண்டாண்டுப் படிப்பாக மாற்றி அமைக்கப்பட்டபோது கட்டணம் பருவத்துக்கு 12,000 ரூபாய் என்ற அளவில் இருந்தது. நான்கு பருவத்துக்கு 48,000. பாதுகாப்பும் இணையச் சட்டமும் அதில் ஒரு பாடம். எட்டு லட்சம் எங்கே, 48,000 எங்கே! வங்கி கேட்கும் பட்டப் பெயரும் அதில் இருக்கிறது. தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டயமும் அந்தப் பல்கலைக் கழகம் நடத்தி வந்திருக்கிறது. பட்டம் ஒன்று பொதுவாக, திறமை ஒன்று குறிப்பாக என்று இரண்டையும் கோர்வை போட்டால், உடலும் கரையும் பிரியாமல் நிற்கும். சேருமுன் அந்த ஆண்டின் கட்டணத்தையும் அனுமதியையும் சரிபார்க்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நேரில் சென்று படிக்க முடிந்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இணையத் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்சி. படிப்பு இருக்கிறது. ஆனால் காஞ்சியிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் ரயிலில் போய் வருகிறவன் வேலைக்குப் போவது எப்போது? வீட்டுக்கு அரிசி வருவது எப்படி? அதனால்தான் கேட்கிறோம்.

அரசே நெய்யட்டும்!

காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு சரிகை ஆலை என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறதே, அது ஏன் தேவைப்பட்டது? சரிகைக்கு நெசவாளி சூரத்து வணிகரை நம்பிக் கிடந்தான். விலையும் அவர்கள் வைத்ததே. தரமும் அவர்கள் சொன்னதே. அந்தப் பிடியைத் தளர்த்த அரசே சரிகை செய்ய முன்வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் எழுந்தன? முதலாளி கொடுத்த பட்டுக்கும் கூலிக்கும் மாற்று வேண்டும் என்பதால் எழுந்தன. குறைகள் உண்டு, அவற்றைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் அந்த மாற்று இல்லாதிருந்தால் இன்று இந்த ஊரில் கைத்தறியே மிஞ்சியிருக்காது.

சரிகைக்கு ஓர் அரசு ஆலை என்றால், அறிவுக்கு வேண்டாமா? தமிழக அரசு 2020இல் இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் தொடங்கி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர முற்பட்டது. நல்லது. அடுத்த படி என்ன? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் சென்னைப் பல்கலைக் கழகமும் சேர்ந்து, மானியக் குழுவின் முழு அனுமதியோடு, தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டத்தை இணையவழியில் நடத்தட்டும். நெசவாளி, ஆலைத் தொழிலாளி, விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் பெயரளவில் இருக்கட்டும். பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மாவட்டத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம், காஞ்சிபுரத்தில் முதலாவது! ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பொதுத்துறை வங்கி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவுத் துறை இவை எல்லாவற்றுக்கும் இந்தக் காவலாளிகள் வேண்டும். வெளியூர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்துச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைச் சொந்தப் பிள்ளைகளைப் பயிற்றச் செலவிட்டால் போதாதா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையும் பெற்றுக்கொண்ட ஆலைகள், தங்கள் தொழிலாளி படிக்கக் கட்டணத்தில் பாதியை ஏற்கக் கூடாதா? ஜார்ஜியா டெக்கின் முதல் இணையவழிப் பட்டத்துக்கு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று பணம் தந்து தோள்கொடுத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் வைக்கும் உரிமையைக் கேட்டார்கள். கூலி, சங்கம், வேலை நேரம் என்ற கோரிக்கைப் பட்டியலில் படிப்புக்கான விடுப்பும் கட்டண உதவியும் இனி ஒரு வரியாக ஏற வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இதை எழுதிக்கொள்ளட்டும்.

நம் கடமை

அரசு செய்யும் வரை நாம் கையைக் கட்டி உட்கார வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு படிப்பகத்திலும் படித்த தோழர்கள் இருவர் வாரத்தில் ஒரு மாலை உட்காரட்டும். பட்டம் தேடி வரும் பிள்ளையிடம் விளம்பரத்தை வாங்கி, மானியக் குழுவின் பட்டியலைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். முழுச் செலவைக் கூட்டிக் காட்டட்டும். கடன் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டட்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு கணிப்பொறி, இரண்டு நாற்காலி, கொஞ்சம் பொறுமை போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகனுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டிலிருந்தபடி படித்து, வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலைகளும் இந்தத் துறையில் உண்டு. மகளுக்கும் இந்தக் கதவைத் திறந்து விடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு லட்சத்துப் பட்டம் எட்டவில்லை என்று சோர வேண்டாம். எட்டு லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே அது நல்ல படிப்பு என்றும் மயங்க வேண்டாம். கேளுங்கள்; கீறிப் பாருங்கள்; கணக்குப் போடுங்கள். அதன் பிறகு துணிந்து படியுங்கள்.

கன்னம் வைப்பவனைப் பிடிக்கும் காவல் கலையைக் கற்கப் போகிற நம் பிள்ளை, அந்தப் பட்டத்தை வாங்கும் இடத்திலேயே கன்னம் வைக்கப்பட்டு நிற்கக் கூடாது. அது நம் பொறுப்பு. அந்தப் பட்டத்தை நியாய விலையில் தருவது அரசின் பொறுப்பு. அதைத் தர வைப்பது நம் கட்சியின் பொறுப்பு!